பெனால்டிக்கு முதுகு காட்டும் ஆச்சி

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 42. மின்னணு ஊடகங்களில் வருவது பார்வையற்றவர்களுக்கும் போய்ச் சேரும்படி, ஒலி விவரிப்பு முதலிய வசதிகளுக்கு உரிய அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஒலி விவரிப்பு பெரிய வித்தை ஒன்றுமில்லை. திரையில் யாரும் பேசாத இடங்களில் ஒரு குரல் வந்து, அவர் கதவைத் திறக்கிறார், வெளியே மழை பெய்கிறது என்று சொல்லும்.

'நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்ற தொடரை வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருஷம் நானே எழுதியிருக்கிறேன். அதன் பொருள் எனக்குத் தெரியும். எழுதியவர் கையெழுத்துப் போட்டுவிட்டார், இனி அடுத்த மேஜையின் பாடு என்று பொருள். இந்தத் தடவை அந்த அடுத்த மேஜையில் நான் உட்கார வேண்டியதாயிற்று.

படம் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடுகிற ஆவணப்படம். நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் உலகக் கால்பந்துப் போட்டியைப் பற்றியது என்று பெயர். ஆட்டம் அதில் பத்து நிமிஷம்கூட இல்லை. ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்களைத்தான் காட்டுகிறார்கள். முகத்தில் சாயம் பூசியவர்கள், ரயிலில் நின்றபடி தூங்குகிறவர்கள், தோற்ற பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து ஒற்றைச் செருப்பைத் தேடுகிறவர்கள். வர்ணனையாளர் கிடையாது. ஆளுக்கொரு மொழி பேசுகிறார்கள், அடியில் ஆங்கில எழுத்து ஓடுகிறது. கண் தெரிந்தவனுக்கு நல்ல படம். என் மனைவிக்குக் கண் தெரியாது.

அவள் சுரண்டைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தவள். ஒரு வருஷம் அந்தப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் இடம் காலியானது. விரைவில் நிரப்பப்படும் என்று பதில் வந்தது. அதுவரை கால்பந்து அணியை இடைக்கால ஏற்பாடாக இவள் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று தலைமையாசிரியை உத்தரவு போட்டார். இடைக்காலம் பதினோரு வருஷம் நீடித்தது. அதற்குள் இவள் விதிப் புத்தகம் வாங்கி, ஆஃப்சைடைக் கரும்பலகையில் கோணம் கோணமாக வரைந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விசில் ஊதப் பழகி, கடைசியில் அந்த விளையாட்டின்மேல் பைத்தியமாகவே ஆகிவிட்டாள். நான் ஆலங்குளம் தாலுகா அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்தால், அப்பளம் பொரிக்கிற கரண்டியால் அடுப்பு மேடையில் நாலு டிஃபெண்டர்களை நிறுத்திக் காட்டுவாள்.

எனக்கு ஆட்டத்தில் ஈடுபாடு இல்லை. அதன் விதிகள்மேல் மட்டும் மரியாதை உண்டு. மொத்தம் பதினேழு விதிகள். அதை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க ஆடுகிறார்கள். எங்கள் துறையில் ஒரு பட்டா மாறுதலுக்கே இதைவிட அதிகம் வேண்டும்.

அவளுக்கு வந்தது கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிற நோய். ஓரங்களிலிருந்து உள்ளே தின்றுகொண்டு வரும். முதலில் கார்னர் கொடி தெரியவில்லை என்றாள். பிறகு ஓரத்தில் ஓடுகிறவர்கள் தெரியவில்லை. கடைசியாகப் பார்த்த உலகப் போட்டியில், பந்து நடுவில் இருக்கும்வரை அவளே பார்த்துக்கொள்வாள். ஓரத்துக்குப் போனதும் என் முழங்கையைத் தட்டுவாள். "யார்கிட்ட இருக்கு?" நான் செய்தித்தாளை இறக்கி, "வெள்ளைச் சட்டைக்காரன்" என்பேன். "கோலி போக பத்துப் பேரும் வெள்ளைச் சட்டைதான் போட்டிருக்கான்" என்பாள். இந்தப் படம் அந்தப் போட்டியைப் பற்றியது. அவள் கடைசியாகப் பார்த்தது, அதுவும் பாதி பார்த்தது.

நேரடி ஆட்டங்களுக்கு இப்போதும் அவளுக்கு நான் தேவையில்லை. வர்ணனையைக் கேட்டு, கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டு, கோல் விழுவதற்கு ஒரு நொடி முன்னால் எழுந்து நிற்பாள். படம் அப்படி இல்லை. பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள், இப்படி ஒரு படம் வந்திருக்கிறது என்று சொல்லி, தொலைக்காட்சியில் அதைத் திறக்கவும் வழி செய்து கொடுத்தாள். மூன்று நிமிஷம் ஓடியது. மேளம், கூச்சல், ஏதோ ஒரு மொழி, பிறகு நீளமான அமைதி.

"ஏங்க, என்ன நடக்கு?" என்றாள்.

எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். ஓர் இடத்தை நேரில் பார்த்து, கண்டதை மட்டும் எழுதி, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கும் தாளுக்கு மகஜர் என்று பெயர். நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"திரையின் வடபுறம் ஆண் ஒருவர், வயது சுமார் நாற்பது, தலையில் கொம்பு வைத்த தொப்பி. அவருக்குக் கிழக்கே பெண் ஒருவர், அழுதுகொண்டிருக்கிறார். காரணம் தெரியவில்லை."

"திரைக்கு ஏதுங்க வடபுறம்?"

"மேல்பக்கம்."

"அந்தக் கொம்புக்காரன் உயிரோட இருக்கானா, செத்துக் கெடக்கானா?"

"குதிச்சுக் குதிச்சு ஆடுதான்."

"அத மொதல்ல சொல்லுங்க. பொணத்துக்கு எழுதுத மாதிரில்லா இருக்கு."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் இருபது நிமிஷம் என்று வைத்துக்கொண்டோம். மேலகரத்தில் எங்கள் வீடு குற்றாலம் சாலையை ஒட்டியது. சீசன் மாதங்களில் வேன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு போகும், ஒன்றும் கேட்காது. அப்போது பங்குனி, சாலை சும்மா கிடந்தது. ரிமோட்டை நான் வைத்திருப்பேன். அவள் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்துவேன். நாலாம் நாள் எனக்குக் கொஞ்சம் கை வந்தது. எல்லாவற்றையும் சொல்லக் கூடாது, கண் முதலில் எங்கே போகிறதோ அதைச் சொல்ல வேண்டும் என்று புரிந்தது. முப்பத்து நான்கு வருஷம் எனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் மகஜர்கள் பாதி நீளத்தில் முடிந்திருக்கும்.

படத்தில் பலர் வந்து போனார்கள். கடைசிவரை நின்றவர்கள் தென் அமெரிக்காவின் ஒரு சிற்றூரிலிருந்து வந்த கிழவரும் கிழவியும். கிழவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிழவி ஒரு பள்ளிக்கூடத்தில் சமைத்தவர். கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு உலகப் போட்டியாவது மைதானத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று பேசிப் பேசி, எழுபது வயதுக்கு மேல் கிளம்பியிருக்கிறார்கள். இருவரும் ஓயாமல் சண்டை போட்டுக்கொள்வார்கள். அடியில் ஓடும் ஆங்கிலத்தை நான் வாசிக்கலாம்தான், என் மனைவிக்குப் புரியும். அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

"கிழவி இங்கிலீஷ்ல திட்டுனா கேக்க நல்லாவா இருக்கும்? நம்ம பேச்சுல சொல்லுங்க."

அதனால் அந்தக் கிழவி மேலகரத்துக்காரி ஆனாள். "வெளங்காத மனுசா, டிக்கெட்ட எங்க வச்சீரு?" என்று ஓர் அயல்நாட்டு ரயில் நிலையத்தில் கத்தினாள். "சட்டைப் பையிலதான் இருக்கு, செத்த சும்மா இரு" என்றார் கிழவர். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு வருஷமாக அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. மறுநாள் திட்டுகளைக் கொஞ்சம் கூடுதலாகவே சேர்த்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கிழவிக்கு ஒரு பழக்கம். பெனால்டி அடிக்கும்போது பார்க்க மாட்டாள். எழுந்து மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கண்ணை இறுக மூடிக்கொள்வாள். என்ன ஆயிற்று என்று கிழவர்தான் சொல்ல வேண்டும். அவரும் உடனே சொல்லிவிடுவார், நல்லதோ கெட்டதோ. "போச்சு" என்றால் போச்சு.

"பாத்தீங்களா," என்றாள் என் மனைவி. "கண்ணு தெரிஞ்சவளுக்கும் பக்கத்துல ஒரு ஆளு தேவைப்படுதுல்லா." அதிலிருந்து அவர்களை "நம்ம ஆச்சி, நம்ம அண்ணாச்சி" என்றுதான் சொன்னாள். சாப்பிடும்போது, "இன்னைக்கு நம்ம ஆச்சி வருவாளா?" என்று கேட்பாள்.

இதற்கிடையில் நான் செய்ய வேண்டியதையும் செய்தேன். படம் ஓடும் இணையத் தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் பிரிவு 42ஐக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல். பதினைந்து நாளுக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்பது விதி. மூன்றாவது விநாடியில் பதில் வந்தது. உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம் என்றிருந்தது. யாரும் வாசிக்காமலே முக்கியம் என்று தீர்மானிக்கும் வேகம் எங்கள் அலுவலகத்தில் இருந்ததில்லை. வெளிநாட்டில் படத்தை எடுத்த நிறுவனத்துக்கும் ஒன்று அனுப்பினேன். பொருள், பார்வை, கோரிக்கை என்று முறைப்படி. கோரிக்கை ஒன்றுதான். இந்தப் படத்துக்கு ஒலி விவரிப்பு சேர்த்துத் தர வேண்டும்.

கடைசி இருபது நிமிஷம் மிச்சமிருந்த நாளில் திருநெல்வேலி கண் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிந்துகொண்டிருந்தது. அதுவும் நிற்காது என்றார் டாக்டர். நல்லவர், மென்மையாகத்தான் சொன்னார். பஸ்ஸில் ஆலங்குளம் தாண்டும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே இருந்ததை ஒன்றொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். காற்றாலை, வாழைத் தோட்டம், சுவரில் எழுதிய விளம்பரம். "கொஞ்சம் சும்மா வாங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் அவளே சொன்னாள். "மிச்சப் படத்தப் போடுங்க."

கடைசிக் காட்சி கிழவரின் வீட்டுச் சமையலறை. போட்டி முடிந்து காலம் கடந்துவிட்டது என்று தெரிகிறது. தொலைக்காட்சியில் வேறு ஏதோ ஆட்டம். கூட்டம் இரைகிறது, பெனால்டி. கிழவர் மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்தார். திரும்பினார். தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி நின்றார். பின்னால் யாரும் இல்லை. பந்து அடிபடும் முன்பே படம் கறுத்தது. கறுப்பில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி. ஊர் திரும்பிய சில மாதங்களில் கிழவி இறந்துவிட்டதாக.

"ஏங்க, என்ன நடக்கு?"

நான் பணியில் இருந்தவரை பொய் மகஜர் எழுதியதில்லை. எழுதச் சொன்னவர்கள் உண்டு. எழுதாததால் இரண்டு இடமாற்றம் வாங்கினேன், அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

"வீட்டுல இருக்காங்க," என்றேன். "ரெண்டு பேரும் டி.வி. பாக்காங்க. பெனால்டி. ஆச்சி வழக்கம்போல முதுகு காட்டிட்டு நிக்கா."

"அண்ணாச்சி ஏன் ஒண்ணும் சொல்லல?"

"இன்னும் அடிக்கல. அதுக்குள்ள படம் முடிஞ்சு போச்சு."

 அவள், "நல்லாத்தான் முடிச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டே போய்ப் படுத்தாள். ஓர் ஆளை மட்டும்தான் மாற்றியிருக்கிறேன், மற்றதெல்லாம் கண்டபடி சொன்னதுதான் என்று எனக்கு நானே குறிப்பு எழுதிக்கொண்டேன். அந்த மாதிரிக் குறிப்புகளை மற்றவர்கள் எழுதினால் நான் சிவப்பு மையில் கோடு போட்டுத் திருப்பி அனுப்புவேன்.

பொய் சும்மா இருக்காது, அதற்குத் தீனி போட வேண்டும். ஒரு வாரம் கழித்து அவள் அந்த ஆச்சிக்கு ஒரு கடிதம் போட வேண்டும் என்றாள். சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். அன்புள்ள அக்கா, நானும் உங்களை மாதிரிதான், பக்கத்தில் இருக்கிறவர் சொன்னால்தான் எனக்கு ஆட்டம். உங்களுக்கு மூடின கண்ணைத் திறந்துகொள்ளலாம், எனக்கு முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். இப்படி ஒரு பக்கம். "படக் கம்பெனிக்கு அனுப்புங்க, அவங்க கொடுப்பாங்க" என்றாள். அனுப்பிவிட்டேன் என்றேன். அனுப்பவில்லை. இறந்தவர் பெயருக்குக் கடிதம் அனுப்ப எந்த நடைமுறையும் இல்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நான் கேட்ட ஒலி விவரிப்பு வந்துவிட்டால், கடைசிக் காட்சியில் ஒரு குரல் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும். கோரிக்கை போனது அவளுக்குத் தெரியும், முதல் நினைவூட்டலை அனுப்பாமல் இருந்தால் கேட்பாள். அதனால் அனுப்பினேன். அனுப்பிவிட்டு, வழக்கமான தாமதம் எப்படியாவது ஏற்பட வேண்டும் என்று மனதார விரும்பினேன். தாமதத்தைக் கண்டித்து ஆயுள் முழுக்கக் குறிப்பாணை கொடுத்தவனுக்கு அது சரியான தண்டனைதான்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள். நான்தான் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, காய் நறுக்கிக்கொண்டிருந்த இவள் முன்னால் வைத்தேன். கத்தியை யாரும் தொட விட மாட்டாள், விரலால் அளந்து நறுக்குவாள்.

"ஏம்மா, அந்தப் படத்த நானும் பாத்தேன்," என்றாள் மகள். "கடைசியில அழுதுட்டேன்."

"எதுக்கு அழணும்?"

"பாவம்லா அந்தத் தாத்தா. ஒத்தையில நின்னுட்டு. பாட்டி செத்துப் போனது தெரியாம நான் சிரிச்சுக்கிட்டே பாத்துக்கிட்டிருந்தேன்."

வெண்டைக்காய் நறுக்கும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி ஆரம்பித்தது. "ஆமா, பாவம்" என்றாள் இவள். மகளோடு இன்னும் பத்து நிமிஷம் பேரனின் பல்வலியைப் பற்றிப் பேசினாள். போனை வைத்த பிறகு கத்தியைத் துடைத்து ஓரமாக வைத்தாள்.

"என் மாத்திரை. காலையில நீலம், ராத்திரிக்கு வெள்ளைன்னு சொன்னீங்க. அது நெசமா?"

"ஏட்டி, அதுல எல்லாம்..."

"பஸ்ஸுல காத்தாலை ஓடுதுன்னு சொன்னீங்க. ஓடுச்சா, நின்னுக்கிட்டு இருந்துச்சா?"

"ஓடுச்சு."

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "எனக்கு எப்படிங்க தெரியும்?"

 

அதன் பிறகு என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டாள். சண்டை இல்லை. சாப்பாடு போட்டாள், பேசினாள், சிரித்தாள்கூட. 'என்ன நடக்கு' என்பது மட்டும் வீட்டில் கேட்கவில்லை. மாத்திரை அட்டைகளை மருந்துக் கடைக்காரரிடம் கொடுத்து, ஒன்றில் ரப்பர் வளையம் போட்டு வாங்கி வந்தாள். வாசலில் யார் வந்தாலும், "யாரு?" என்று அவர்களையே கேட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

ஆனியில் சாரல் பிடித்தது. அருவிக்குப் போக வேண்டும் என்றாள். ஆட்டோவில் ஐந்தருவிக்குப் போனோம். பெண்கள் பக்கத்துக்குள் நான் போக முடியாது. முந்தின வருஷங்களில் யாராவது தெரிந்த பெண்ணைக் கூட அனுப்புவேன். இந்த முறை துண்டை என் கையில் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே போனாள். காவலுக்கு நின்ற பெண் போலீஸ் ஒருத்தி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கத்தியது எனக்குக் கேட்டது.

"ஆச்சி, கண்ணு தெரியாதா? சொல்லுததுக்கு என்ன? கையக் குடுங்க. இங்கன பூரா பாசி, வழுக்கி விழுந்தா இடுப்பு போயிரும். தண்ணி பலமா விழுது. பயமா இருந்தா திரும்பிருங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

இருபது நிமிஷம் கழித்து, முடியிலிருந்து தண்ணீர் சொட்ட, அந்தப் போலீஸ்காரியின் கையைப் பிடித்தபடி வந்தாள். "அண்ணாச்சி, ஆச்சிக்கு தைரியம் ஜாஸ்தி" என்று சொல்லி என்னிடம் ஒப்படைத்துவிட்டு அவள் விசில் ஊதப் போனாள். நாங்கள் கடைவரிசை ஓரம் ஒரு கல்லில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றோம்.

"அந்தப் பிள்ள உள்ள என்ன சொன்னா தெரியுமா? இடுப்பு போயிரும்னு சொன்னா."

"கேட்டேன். கொஞ்சம் பதமாச் சொல்லியிருக்கலாம்."

"எதுக்கு? உள்ளதச் சொன்னா. சொல்லிட்டு, போறதா வேண்டாமான்னு என்கிட்ட விட்டுட்டா. நான் போனேன்." பஜ்ஜியின் காம்பைக் கிள்ளிப் போட்டாள். "நீங்க என்கிட்ட விடல."

"அன்னைக்கு டாக்டர் சொன்னதுக்கு மேல..."

"தெரியும். பாவம்னு நெனச்சீங்க. என் கண்ணு போனது என் பாடு. அது பத்தாதுன்னு, இருக்கதுல எது எனக்குத் தெரியணும்னு நீங்க முடிவு பண்ணுனா, நான் ரெண்டு தடவ குருடியாகணும்லா?"

சாரல் மறுபடி இறங்கியது. துண்டை அவள் தலையில் போட்டேன், தட்டிவிடவில்லை.

"இப்பச் சொல்லுங்க. கடைசியில என்னதான் இருக்கு?"

சொன்னேன். சமையலறை, ஒரு நாற்காலி, கிழவர் எழுந்தது, திரும்பியது. முதுகு காட்டியது அவர்தான், பின்னால் யாரும் இல்லை, எழுத்தில் வந்த இரண்டு வரி. அனுப்பாத கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அருவித் தண்ணீரா, வேறா என்று நான் சொல்லப் போவதில்லை, எனக்குத் தெரியாது.

"பாதி நம்புதேன்," என்றாள். "மீதி, அந்த ஒலி விவரிப்பு வரட்டும். கேட்டுட்டுச் சொல்லுதேன்."

வீட்டுக்கு வந்ததும் புதிய கடிதம் சொன்னாள், இந்த முறை கிழவருக்கு. நாலே வரி. அன்புள்ள அண்ணாச்சி, அக்கா போனது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உங்களுக்கு இனி யார் சொல்லுவார்கள் என்று யோசித்தேன். எனக்குச் சொல்லுகிறவர் பக்கத்தில் இருக்கிறார், ஒரு தடவை தப்பாகச் சொன்னார். இருந்தாலும் ஆள் இருப்பது பெரிய விஷயம். அதை நான் ஆங்கிலத்தில் மாற்றினேன். மாற்றியதை வரிக்கு வரி வாசிக்கச் சொல்லிக் கேட்டாள், 'தப்பாகச் சொன்னார்' என்ற இடத்தை இரண்டு தடவை. அனுப்பும் பொத்தானில் அவள் விரலை வைத்தேன். அவளே அமுக்கினாள். கூடவே என் இரண்டாம் நினைவூட்டலும் போயிற்று. அதை எழுதும்போது, என் பணிக்காலத்தில் வந்த அத்தனை மனுதாரர்களும் மேஜைக்கு அந்தப் பக்கம் எப்படி நின்றிருப்பார்கள் என்று முதல் தடவையாகத் தெரிந்தது. பத்து நாள் கழித்து மூன்றாம் நினைவூட்டல். அதில் சட்டப் பிரிவு எதையும் போடவில்லை. என் மனைவி காத்திருக்கிறாள், நானும் காத்திருக்கிறேன் என்று மட்டும் எழுதினேன். அலுவல் கடிதத்தில் அப்படி எழுதக் கூடாது.

ஒரு நாள் காலையில் பதில் வந்திருந்தது. அந்த நிறுவனத்தில் வேலை செய்யும் ஒரு பெண் எழுதியிருந்தாள். படத்துக்கு ஆங்கிலத்தில் ஒலி விவரிப்பு சேர்த்துவிட்டோம், தாமதத்துக்கு மன்னிக்கவும். உங்கள் மனைவியின் கடிதத்தைப் பெரியவருக்கு மொழிபெயர்த்து வாசித்துக் காட்டினோம், மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அவ்வளவுதான். நான் அதை இவளுக்கு ஒரு சொல் விடாமல் வாசித்தேன்.

"படத்தப் போட்டுக் குடுத்துட்டு வெளிய போங்க," என்றாள்.

கொல்லையில் போய் முருங்கை மரத்தடியில் நின்றேன். சாலையில் வேன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்குப் போயின. உள்ளே ஓர் அயல்நாட்டுக் குரல் நிதானமாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தது, வார்த்தை பிடிபடவில்லை. அவள் முழுப்படத்தையும் கேட்டாள். ஒன்றே முக்கால் மணி நேரம். இடையில் இரண்டு தடவை சிரித்தாள். தேர்வு முடிவுக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றபோதுகூட நான் அப்படி நின்றதில்லை.

பிறகு சத்தம் அடங்கியது. 

"ஏங்க, இங்கன வாங்க."

போனேன். ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க அருவியில சொன்னதேதான் படத்துல பேசுத இவளும் சொல்லுதா. ஒரு நாற்காலி, திரும்பி நிக்காரு, எழுத்து வருது. ஆனா இவ ஒண்ண விட்டுட்டா." திரையின் பக்கம் கையை நீட்டினாள். "டி.வி.க்கு முதுகு காட்டுனா, மூஞ்சி கேமராப் பக்கம்தான இருக்கணும்? கணக்கு அப்படித்தான வருது. மூஞ்சி எப்படி இருக்குன்னு இவ சொல்லல. கொஞ்சம் பின்னால ஓட்டிப் பாத்துச் சொல்லுங்க."

பின்னால் ஓட்டினேன். நிறுத்தினேன். அந்த முகத்தை இதற்கு முன் நான் சரியாகப் பார்க்கவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எழுத்தைப் பார்த்துப் பயந்து, முகத்தை விட்டிருக்கிறேன்.

"கண்ண இறுக்கி மூடியிருக்காரு," என்றேன். "ரெண்டு நாள் தாடி. அழல. உதடு மட்டும் அசையுது. என்னாச்சுன்னு யார்ட்டயோ கேக்க மாதிரி இருக்கு. அந்தக் கடைசி மட்டும் என் யூகம்."

"யூகம்னு தனியாச் சொன்னீங்கள்லா," என்றாள். "சரி. இன்னொரு தடவ மொதல்ல இருந்து போடுங்க. இவ குரல அமத்திட்டு நீங்க சொல்லுங்க."

படத்தை முதலிலிருந்து வைத்துவிட்டு, அது ஆரம்பிப்பதற்குள் மேஜையில் இந்தக் கடிதங்களுக்காக நான் வைத்திருந்த கோப்பைத் திறந்தேன். கடிதப் பதிவின் கடைசிக் கட்டத்தில், பதில் வரப்பெற்ற நாள் என்ற இடத்தில் எழுதினேன்: ஜூலை பதினேழு, வியாழக்கிழமை, ஆடி முதல் தேதி.